மேகலாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தவன்

மனைவி எழுதிய வசனத்தைக் கேட்டுத் தன் வயிறு எரியும் என்று கேஷவ் ஒருநாளும் நினைத்ததில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தஞ்சாவூரில், மருத்துவக் கல்லூரிச் சாலையை ஒட்டி இருந்த அவர்கள் வீட்டு ஹாலில் 'ஈரச்சுவடு' தொடரின் பதினேழாவது பகுதி ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒருமுறை வரும் துப்பறியும் தொடர். இன்ஸ்பெக்டர் மேகலாவும் அவளோடு வேலை பார்க்கும் சப்-இன்ஸ்பெக்டர் சிங்காரவேலுவும்தான் அதில் எல்லாம். இரண்டு பேரும் ஜீப்புக்குள் உட்கார்ந்து ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். கொலையான அரிசி ஆலைக்காரரின் வழக்கு எந்தப் பக்கமும் நகரவில்லை. மேகலா கடலைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னாள்:

"எனக்குத் தெரியலைன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும், சிங்காரம். மேல இருக்கறவங்ககிட்ட சொல்ல முடியாது. வீட்டுல சொல்ல முடியாது. உங்ககிட்டதான் சொல்ல முடியுது."

பக்கத்தில் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஸ்ரீரஞ்சனியின் உதடுகள் அந்த வசனத்தோடு சேர்ந்தே அசைந்தன. கேஷவ் அதைப் பார்த்தான். கல்யாணமாகி பத்தொன்பது வருஷத்தில் அவள் தன்னிடம் 'எனக்குத் தெரியலை' என்று சொன்ன நாள் எது என்று யோசித்தான். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. மகளைக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேர்க்கிற முடிவைக்கூட அவள்தான் எடுத்தாள். அவன் கையெழுத்துப் போட்டான்.

விளம்பர இடைவேளையில் அந்த வசனம் அவள் எழுதியதா, அவளோடு சேர்ந்து எழுதும் ஃபாஜில் எழுதியதா என்று கேட்டான்.

"ஞாபகமில்லை. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே எழுதறதுதானே. யாரோடதுன்னு பிரிச்சுச் சொல்ல வராது," என்றாள் ரஞ்சனி.

அவள் எழுதியதாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஃபாஜில் மயிலாடுதுறைக்காரன். ஒரு தினசரியில் பதினைந்து வருஷம் குற்றச் செய்தி நிருபராக அலைந்தவன். ரஞ்சனி தனியார் பள்ளியில் விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தாள். கும்பகோணத்தில் நடந்த ஒரு சிறுகதைப் போட்டியில் இரண்டாம் பரிசை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த மேடையில் ஆரம்பித்த பேச்சுதான். ஒரு வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து எழுதிய கதையைச் சென்னையில் ஒரு சேனல் வாங்கியது. ரஞ்சனி பள்ளி வேலையை விட்டாள். வாரத்தில் மூன்று நாள் ஃபாஜில் காலைப் பாசஞ்சரில் வந்து இறங்குவான். ஹாலில் சாப்பாட்டு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மத்தியானம் வரை எழுதுவார்கள். வாசல் கதவு அகலத் திறந்தே கிடக்கும். கேஷவ் உள்ளே வந்தால் ஃபாஜில் எழுந்து நின்று "வாங்க சார்" என்பான், ஏதோ கேஷவ்தான் அந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி.

தொடரை ஒப்புக்கொள்ளும்போதே இருவரும் சேனலிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். டிவியில் வருகிற பெண் போலீஸ் பத்தாவது வாரத்துக்குள் கூட இருப்பவனைக் காதலிப்பாள், இல்லாவிட்டால் அவளுக்குச் செத்துப்போன ஒரு புருஷன் இருப்பான், அதுவும் இல்லாவிட்டால் கடைசியில் அவளை யாராவது தூக்கிக்கொண்டு போய்க் கட்டிப்போடுவார்கள், இவன் போய் மீட்பான். இதில் எதுவும் மேகலாவுக்கு நடக்காது. அவளுக்கு மூளை இருக்கும், முன்கோபம் இருக்கும், தோழன் ஒருத்தன் இருப்பான். அவ்வளவுதான். சேனலில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பான அனுராதா என்ற அம்மாள் சிரித்துக்கொண்டே சம்மதித்தாராம்.

கேஷவ் பூதலூர்ப் பக்கம் ஒரு பாசனப் பிரிவில் உதவிப் பொறியாளர். குறுவைக்குத் தண்ணீர் திறந்த மாதம் அது. கடைமடைக்கு எட்டவில்லை என்று காலையிலிருந்து போன் வரும். வாய்க்கால் கரையில் வெயிலில் நின்று விவசாயிகளுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, இந்நேரம் வீட்டில் அந்த மேஜையில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று அவன் மனது கிளம்பிப் போய்விடும். தப்பாக எதுவும் நடக்கிறது என்று அவன் நினைக்கவில்லை. அப்படி நினைக்க முடிந்தால் சுலபமாக இருந்திருக்கும், ஒரு சண்டையில் தீர்ந்துபோகும். அவள் அங்கே பேசுகிற பேச்சுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதை எப்படிக் கேட்டு வாங்குவது என்று தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது ரஞ்சனி கடைக்குப் போயிருந்தாள். ஃபாஜில் அன்றைக்கு வரவில்லை. மேஜையில் அடுத்த பகுதியின் அச்சுப்பிரதி இருந்தது. கேஷவ் நின்றபடியே படித்தான். கும்பகோணம் ரயிலடியில் மழை. சிங்காரவேலு தன் குடையை மேகலாவின் கையில் கொடுத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் நனைந்துகொண்டே போகிறான். ஓரத்தில் ரஞ்சனியின் கையெழுத்தில் 'அவள் நன்றி சொல்ல வேண்டாம்' என்று இருந்தது. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில் 'சொல்லவே மாட்டாள்' என்று இருந்தது.

அந்த இரண்டு வரிகளை அவன் நாலைந்து தடவை படித்தான். சாதம் ஆறிப்போயிற்று.

அன்று சாயங்காலம் ஆபீஸ் ஜீப்பில் உட்கார்ந்து போனில் புதிதாக ஒரு பேர் உண்டாக்கினான். டெல்டா ரசிகன். தொடரின் யூடியூப் பக்கத்தில் போய் எழுதினான்: "ஒரு ஆணும் பெண்ணும் நாளெல்லாம் ஒண்ணா சுத்துவாங்க, ஒரே பொட்டலத்துல சாப்பிடுவாங்க, ஆனா கேஸைப் பத்தி மட்டும்தான் பேசுவாங்களாம். யார் காதுல பூ சுத்தறீங்க? மேகலாவுக்கும் சிங்காரத்துக்கும் கல்யாணத்தைப் பண்ணி வைங்க." ரஞ்சனி இதையெல்லாம் படிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். படிக்கும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

அவள் படித்துவிட்டு, "யாரோ வேலையத்தவன்," என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் மூன்று நாளில் அந்த வரிக்கு நாலாயிரம் பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். அவனுக்கு ஒரு போதை மாதிரி ஆயிற்று. வாரம் இரண்டு, மூன்று என்று எழுதினான். ஒன்றில், "கும்பகோணம் ஸ்டேஷன்ல குடையைக் குடுத்தானே, அது என்னவாம்? தோழமையா?" என்று கேட்டிருந்தான். யாரோ மேகலாவுக்குப் பட்டுப் புடவை கட்டி, சிங்காரவேலுவுக்கு மாலை போட்டுப் படம் செய்து போட்டார்கள். இன்னொருவர் வாக்கெடுப்பு வைத்தார். எல்லோரும் ஏற்கெனவே கேட்க நினைத்ததைத்தான் அவன் கேட்டுவிட்டான் போலிருந்தது.

ஆடி பிறந்த வாரம் அனுராதா அம்மாள் சென்னையிலிருந்து கூப்பிட்டார். ஜனங்கள் ஆசைப்படுகிறார்கள், இருபத்தெட்டாவது பகுதியில் காதல், முப்பத்துநாலில் கல்யாணம், அப்படிக் கதையைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். முதலில் சொன்ன வாக்கு என்னாயிற்று என்று ரஞ்சனி கேட்டதற்கு, அப்போது ஜனங்கள் கேட்கவில்லை, இப்போது கேட்கிறார்கள் என்று பதில் வந்தது. யோசிக்க இரண்டு வாரம் தந்தார்.

ஃபாஜில் அந்த வாரம் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று செய்தி அனுப்பினான். அடுத்த வாரமும் வரவில்லை. ரஞ்சனி காலை பத்து மணிக்கு மேஜையில் உட்காருவாள். லேப்டாப் திறந்திருக்கும். ஒரு வரிகூட நகராது.

ஒரு சாயங்காலம் கேஷவ் ஆபீஸிலிருந்து வந்து காபி டம்ளரோடு எதிரே உட்கார்ந்தான். ஃபாஜில் உட்காருகிற நாற்காலி. ரஞ்சனி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலைங்க," என்றாள்.

அவன் எத்தனை நாளாகக் காத்திருந்த வார்த்தை. அதைத் திருடித்தான் வாங்கியிருக்கிறோம் என்பது அடுத்த நொடியே உறைத்தது. ஆனாலும் கைக்கு வந்ததை விட மனசில்லை. மெல்லச் சொன்னான்: "கல்யாணம் பண்ணி வெச்சாத்தான் என்ன? ஊரே கேக்குதே."

ரஞ்சனி லேப்டாப்பை மூடினாள். பிறகு சொன்னாள்: "ஊரு இதை மேகலாகிட்டயா கேக்குது? என்கிட்ட கேக்குது. ஃபாஜில் வந்துட்டுப் போற ஒவ்வொரு நாளும் எதிர்வீட்டுல கேக்கறாங்க, எங்க அக்கா கேக்கறா, ஸ்கூல்ல கூட வேலை பாத்தவங்க கேக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் கேட்டதே இல்லை. அந்த தைரியத்துலதான் நான் மேகலாவை எழுதினேன்."

கேஷவ் காபியைக் குடித்து முடித்தான். சூடு நாக்கைப் பொசுக்கியது. அறைக்குள் போய் டெல்டா ரசிகனை அழித்தான். அழித்து என்ன பயன்? அவன் எழுதியதைப் படம்பிடித்து ஆயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள்.

மறுநாள் பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு மயிலாடுதுறைக்கு வண்டியை விட்டான். ஃபாஜிலைப் பார்த்து, ரஞ்சனிக்காகவாவது திரும்பி வா என்று சொல்ல வேண்டும் என்பதுதான் எண்ணம். வழியெல்லாம் நடவு வயலில் தண்ணீர் பளபளத்தது. என்ன பேசுவது என்று திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

வீடு பூட்டியிருந்தது. ஃபாஜிலின் மனைவி நுஸைபா கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருந்தாள். மருந்தாளுநர் படிப்பு படித்தவள். கேஷவ் அவளை ஒரே ஒருமுறை, நோன்புப் பெருநாளுக்குப் போனபோது பார்த்திருக்கிறான். அவனைக் கண்டதும் அவள் திடுக்கிடவில்லை. கடையில் நின்ற பெரியவருக்கு மாத்திரை எப்போது சாப்பிட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பிவிட்டு, ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

"அவங்க திருச்சிக்குப் போயிருக்காங்க சார். பழைய பேப்பர்ல உதவி ஆசிரியர் வேலை ஒண்ணு சொல்றாங்களாம்."

தொடர் என்னாவது என்று கேஷவ் கேட்டான்.

"விலகிடறதா லெட்டர் எழுதி வெச்சிருக்காங்க. தான் போயிட்டா ரஞ்சனி அக்கா சேனல் சொல்ற மாதிரி எழுதறதோ வேண்டாம்கறதோ அவங்க இஷ்டத்துக்கு முடிவெடுப்பாங்கன்னு." பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் அலமாரியில் அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "குடை சீன் டிவியில வரவே இல்லை சார். நீளம்னு இவங்களே வெட்டிட்டுத்தான் சேனலுக்கு அனுப்பினாங்க. அதைப் பத்தி யூடியூப்ல எழுதணும்னா ஸ்கிரிப்டைப் படிச்சிருக்கணும். அந்த ஸ்கிரிப்ட் ரெண்டு வீட்டுலதான் இருந்துச்சு. இந்த வீட்டுல நான் எழுதலை."

கடை வாசலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

ஃபாஜிலுக்கு இது தெரியுமா என்று ஒருவழியாகக் கேட்டான்.

"அன்னைக்கே தெரியும். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ரஞ்சனி அக்காகிட்ட சொல்லுங்கன்னு நான்தான் சண்டை போட்டேன். அது அவங்க ரெண்டு பேருக்குள்ள விஷயம், நான் நடுவுல போகக் கூடாதுன்னுட்டாங்க."

அந்த நேரத்திலும் கேஷவுக்குள் குத்தியது பொறாமைதான். பிடிபட்ட வெட்கத்தைவிட, தான் செய்த கேவலத்தைத் தெரிந்துகொண்டே எழுந்து நின்று "வாங்க சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தானே ஒருத்தன், அந்த மனுஷத்தனம் அவனைச் சுட்டது. உங்களுக்கு இதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லையா என்று நுஸைபாவிடம் கேட்டுவிட்டான். கேட்கக் கூடாது என்று நினைத்திருந்த கேள்வி.

"தோணாம இருக்குமா?" என்றாள் அவள். "ஆறு மாசம் தோணுச்சு. அப்பறம் ஒருநாள் எனக்கும் அவங்களுக்கும் பேச என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் பெருசா இல்லை. அது ரஞ்சனி அக்கா எடுத்துட்டுப் போனது இல்லை சார். முன்னாடியே இல்லாம இருந்தது."

அதற்குள் யாரோ மருந்துச் சீட்டோடு வந்தார்கள். அவள் எழுந்து போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். தான் சொல்லாவிட்டால் ஃபாஜில் எந்நாளும் சொல்லப்போவதில்லை, அந்தப் பெருந்தன்மையைத் தாங்க முடியாது. ரஞ்சனி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கொடியின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சுற்றி வளைக்காமல், டெல்டா ரசிகன் நான்தான் என்றான். குடை, மருந்துக்கடை, ஃபாஜிலின் கடிதம், எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"ஃபாஜிலுக்கு ஒரு மாசமா தெரியுமா?" என்றாள். முதலில் கேட்டது அதைத்தான்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே என் எதிர்ல உக்காந்திருந்தாரா?"

அவள் துணிக்கூடையை அங்கேயே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். சமையலறையிலிருந்து அவள் குரல் மாடி வரைக்கும் கேட்டது. போனில் ஃபாஜில். அப்படி ஒரு சண்டையைக் கேஷவ் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிய வேண்டியதை மறைக்க நீங்கள் யார் என்று கேட்டாள். பெரிய மனுஷத்தனமா என்று கேட்டாள். ஒரு ஆம்பளை எனக்குத் தெரியாமல் குழி வெட்டினான், இன்னொருத்தன் எனக்குத் தெரியாமல் அதை மூடப் பார்த்தான், இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டாள். அந்தப் பக்கமும் சும்மா இருந்த மாதிரித் தெரியவில்லை. அரைமணி நேரம். கடைசியில் அவள் அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

முதலில் கேஷவுக்கு அற்பமாக ஒரு சந்தோஷம் வந்தது, ஃபாஜிலும் வாங்கிக் கட்டிக்கொள்கிறான் என்று. கொஞ்ச நேரத்தில் அது போய்விட்டது. அவள் கோபத்தையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறாள். குழி வெட்டியவன் இங்கே கொடியடியில் நிற்கிறான், அவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. சண்டையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஒரு மனுஷன் உண்டா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு, அவள் விட்டுப்போன துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தான்.

அவனிடம் அவள் சொன்னது மறுநாள் காலைதான், அதுவும் இட்லியை எடுத்து வைத்துக்கொண்டே. தொடரிலிருந்து இருவரும் விலகுகிறோம். இனிமேல் எழுதுவது மயிலாடுதுறையில், மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற அறையில். காலைப் பாசஞ்சருக்கு நான் போவேன். அவன் சரி என்றான். ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். அதற்கு அவள் சட்னி எடுக்க எழுந்து போனாள். ஆனால் செவ்வாய்க்கிழமை அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மூன்று மாதம் அப்படியே போயிற்று. வீட்டில் பேச்சு என்றால் பால், கரண்ட், மகளின் பரீட்சை. கேஷவ் வாரத்தில் மூன்று காலை அவளை ரயிலடியில் இறக்கிவிட்டு, அவள் படியேறி மறைகிற வரை நிற்பான். போகும்போது அவள் நடையில் ஒரு வேகம் இருக்கும். திரும்பி வரும்போது இருக்காது. அந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இருக்க அவன் எவ்வளவோ முயன்றான்.

ஐப்பசியில், மழை விடாமல் பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பத்துநாலாவது பகுதி வந்தது. வேறு யாரையோ வைத்து எழுதியிருந்தார்கள். கேஷவ் டிவியைப் போடவே இல்லை. ரஞ்சனிதான் வந்து போட்டாள். மேகலா மணமேடையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சிங்காரவேலு தாலி கட்டினான். பின்னால் நாதஸ்வரம். பிறகு மேகலா தன் தொப்பியை அவன் கையில் கொடுத்து, "இனிமே எல்லாம் நீங்க பாத்துக்குங்க," என்றாள். அடுத்த வாரத்துக்கான முன்னோட்டத்தில் ஜீப்பில் சிங்காரவேலு தனியாகப் போனான். மேகலா வாசலில் நின்று கையசைத்தாள். யூடியூப்பில் விருப்பங்கள் லட்சத்தைத் தாண்டின.

"பாத்தீங்களா?" என்றாள் ரஞ்சனி.

"ம்."

"எப்படி இருக்கு?"

"அசிங்கமா இருக்கு," என்றான். உண்மையாகவே அவனுக்கு அப்படித்தான் இருந்தது. ஜீப்பில் கடலை தின்ற அந்தப் பெண் எங்கேயோ செத்துப்போன மாதிரி.

அப்போதுதான் அவள் ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு குரல் உயர்ந்தது. இதை நீங்கள்தான் செய்தீர்கள் என்றாள். என்னிடம் கேட்டிருக்கலாம், ஃபாஜில் வரக் கூடாது என்று சொல்லியிருந்தால்கூட சண்டை போட்டிருப்பேன், சண்டை போடவாவது ஒரு ஆள் இருந்திருப்பார் என்றாள். பத்தொன்பது வருஷமாக எது கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றே சொல்லிவிட்டு, உள்ளுக்குள் இவ்வளவு வைத்திருந்தீர்களா என்றாள். சோபாவில் இருந்த குஷனை எடுத்து அவன் மேல் எறிந்தாள். அது அவன் மூக்குக் கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்தது.

"உன்கிட்ட என்ன பேசறதுன்னு எனக்குத் தெரியலை, ரஞ்சனி," என்றான் கேஷவ். "அவன்கிட்ட நீ பேசறதை ஒட்டுக்கேட்டு ஒட்டுக்கேட்டு எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு. எனக்கு இன்னமும் தெரியலை."

அவள் மூச்சு வாங்க நின்றாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேஜையில் போன் அடித்தது. திரையில் ஃபாஜில் பெயர். அவனும் அங்கே அதே கல்யாணத்தைத்தான் பார்த்திருப்பான்.

பொறாமை அந்த நொடியிலும் சரியாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அது போய்விடும் என்கிற நம்பிக்கை கேஷவுக்கு இல்லை. ரஞ்சனி போனையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எடு," என்றான். "நீ பேசிட்டு வா. எனக்கு இன்னும் திட்டு பாக்கி இருக்கு."

அவள் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மழைச் சத்தத்தில் ஃபாஜில் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை போலும், ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். கேஷவ் டிவியை அணைத்தான். ஹாலிலேயே உட்கார்ந்து காத்திருந்தான்.